"போன மாசம்தான் மாத்தினது" எண்டா நம்பாதீங்க: பழைய கெப் வாங்கினவங்களுக்கு ஒரு கராஜ்காரன் சொல்றது

பழைய கெப் (பிக்கப் வண்டி) ஒண்டு வாங்கினா எங்கட ஆக்கள் முதல்ல கொண்டு போறது கோணேசர் கோயிலுக்கு, இல்லாட்டி பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு. மாலை போட்டு, தேங்காய் அடிச்சு, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வச்சு நசிச்சு எடுப்பாங்க. அதில ஒரு பிழையும் இல்ல, நானும் அப்பிடித்தான் செஞ்சனான். ரெண்டாவதா கொண்டு போற இடத்திலதான் பிரச்சினை. நேரா பாட்டு செட் பூட்டுற கடைக்குப் போறது, அங்க இருந்து சீற் கவர், பிறகு முன்னுக்கு வெள்ளை லைற், பின் கண்ணாடியில ஸ்டிக்கர். எங்கட கராஜுக்கு வாறது மூணு நாலு மாசம் கழிச்சு, அதுவும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு.

இருபது வருசத்துக்கு மேல திருகோணமலையில டீசல் வாகனம்தான் பாக்கிறன், கூட வாறது ஹைலக்ஸ், அதுக்குப் பிறகு மிட்சுபிசி எல்200, நிசான், இசுசு. 2020 மார்ச்சில தனியார் வாகன இறக்குமதிய நிப்பாட்டினது, 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தாங்க, இந்த அஞ்சு வருசமும் நாட்டுக்குள்ள கிடந்த பழைய கெப்பையேதான் ஆளுக்காள் மாறி மாறி வித்து ஓடினது. வெளிய பெயின்ற் மட்டும் புதுசு. மீற்றரில ஒரு லட்சத்தி அறுபதாயிரம் எண்டு காட்டும், குனிஞ்சு பாத்தா கிளச் பெடல் றப்பர் தேஞ்சு உள் இரும்பு மினுங்கும், ஸ்டியரிங் வளையம் கை பட்டுப் பட்டு வழுவழுண்டு கிடக்கும், டிரைவர் சீற் ஒரு பக்கம் அமந்து போயிருக்கும், அது மூணரை லட்சத்துக்குக் குறையாம ஓடின வண்டி எண்டு கராஜில நிக்கிற சின்னப் பொடியனுக்கும் தெரியும்.

அதால வாங்குற எல்லாரிட்டயும் நான் ஒண்டத்தான் சொல்றன். வாங்கின நாள் உங்கட வாகனத்துக்குப் பூச்சியம். கையில பில் இல்லாத எந்த வேலையும் நடக்காத வேலை. வித்தவர் நல்லவரா கெட்டவரா எண்ட கதையே வேணாம், அவரும் முந்தி ஒருத்தரிட்ட வாங்கினவர்தான், அவருக்கும் ஆரோ ஒருத்தர் "போன மாசம்தான் மாத்தினது" எண்டு சொல்லித்தான் குடுத்திருப்பார்.

கிண்ணியாவில இருந்து ஒரு நானா வந்தார், மீன் யாவாரம், டபள் கெப் ஹைலக்ஸ், 3எல் எஞ்சின். ஒயில் மட்டும் மாத்தினாக் காணும் எண்டார். வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில ஓட வைக்கிற ரைமிங் பெல்ட் என்ன மாதிரி எண்டு கேட்டன்.

"அது போன மாசம்தான் மாத்தினதாம் பாஸ்."

"பில் இருக்கா நானா?"

"பில் இல்ல. ஆள் நல்ல மனுசன், பொய் சொல்ல மாட்டாரு."

சரி, காசு வேணாம், கவர மட்டும் கழட்டிப் பாப்பம் எண்டு சொல்லிக் கழட்டினன். பெல்ட்டுக்கு மேல அடிச்சிருக்கிற எழுத்தில ஒரு எழுத்துக் கூட மிச்சமில்ல. கொஞ்சம் நெளிச்சுப் பாத்தா பல்லுகளுக்கு அடியில, குளம் வத்தினாப் பிறகு வயல் வெடிச்சுக் கிடக்கிற மாதிரி வெடிப்பு. பெல்ட்ட இறுக்கிப் பிடிக்கிற ஐட்லர் பேரிங்க விரலால ஒரு சுத்துச் சுத்தினன், கிரீஸ் காஞ்சு போய் கரகரண்டு அம்மியில மண்ணு அரைக்கிற சத்தம். நானா கொஞ்ச நேரம் ஒண்டும் பேசல்ல. பிறகு சொன்னார், "நேத்து இதிலதான் புள்ளைகளையும் கொண்டு கண்டிக்குப் போய் வந்தன்."

டீசல் எஞ்சினில அந்த பெல்ட் அறுந்தா வாகனம் நிண்டு போறதோட முடியாது. வால்வும் பிஸ்டனும் நேருக்கு நேர் இடிபடும். வால்வு வளையும், ரொக்கர் உடையும், சில நேரம் பிஸ்டனே ஓட்டை, பிறகு எஞ்சின் ஹெட் இறக்கி, கொழும்பில பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில சாமான் தேடி அலைய வேண்டியதுதான். ஹைலக்ஸில 3எல், 5எல், பிறகு வந்த 2கேடி, 1கேடி எல்லாத்துக்கும் பெல்ட்தான். பழசில டாஷ்போர்டில டி-பெல்ட் எண்டு ஒரு லைற் இருக்கு, லட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கா பத்தும். பத்தல்லத்தானே எண்டு சந்தோசப்படாதீங்க. மீற்றரையே பின்னுக்குச் சுத்தின வண்டியில அந்த லைற் என்னத்தைக் காட்டும்? பல்பையே கழட்டி எறிஞ்ச வண்டியும் கண்டிருக்கிறன். எல்200 இல வாற 4டி56 எஞ்சினுக்கு பெல்ட் ரெண்டு, பெரிசு ஒண்டு, பலன்ஸ் சாப்ற்றுக்குச் சின்னது ஒண்டு. சின்னதுதானே எண்டு விட்டா அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள்ள போய்ச் சிக்கும், கதை முடிஞ்சுது. நிசான் டிடி27 வச்சிருக்கிறவங்க இந்தப் பந்திய வாசிச்சுச் சிரிக்கலாம், அதில பெல்ட் இல்ல, பல்லுச் சில்லுத்தான். மாத்துறண்டா பெல்ட்டோட ஐட்லரும், முன் ஒயில் சீலுகளும் சேத்து மாத்துங்க. புதுப் பெல்ட்டில ஒயில் ஒழுகினா அது நாள் பிடிக்காது. இந்த வேலை முடியும் வரைக்கும் வண்டிய வீட்டில நிப்பாட்டி வைங்க, அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணி. எங்கட ஊருக்கு இதுதான் பெரிய எமன். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கமெல்லாம் கிணத்துத் தண்ணி எப்பிடி எண்டு குடிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், அதையே வருசக்கணக்கா ரேடியேற்றருக்குள்ள ஊத்தியிருப்பாங்க. கேத்தலுக்குள்ள பிடிக்கிற வெள்ளைச் சுண்ணாம்பு இருக்கே, அதேதான் ரேடியேற்றர் குழாயளுக்குள்ளயும் எஞ்சின் புளொக்குக்குள்ளயும் பிடிச்சுக் கிடக்கும். எஞ்சின் ஆறினாப் பிறகு மூடியத் திறந்து விரல விட்டுப் பாருங்க (சூட்டில திறந்து முகம் அவிஞ்சவங்கள எனக்குத் தெரியும், அந்தச் சண்டித்தனம் வேணாம்). பச்சை, சிவப்பு எண்டு கூலன்ற் நிறம் இருந்தா நல்லம், தேத்தண்ணி நிறத்தில இருந்தா துரு. முழுசா இறக்கி, நல்ல தண்ணியால தெளிஞ்ச தண்ணி வரும் வரைக்கும் அடிச்சு, தேவையெண்டா ரேடியேற்றர் வேலை செய்யிறவரிட்டக் குடுத்து தாங்கியக் கழட்டிக் கம்பி விட்டு எடுத்து, பிறகு கூலன்றும் பற்றரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணியும் பாதிக்குப் பாதி.

சூட்டுக்கு ஏத்த மாதிரித் தண்ணி வழியத் திறந்து மூடுற தெர்மோஸ்டாட் இருக்கா எண்டு கட்டாயம் பாருங்க. பத்து வண்டியில அஞ்சில அது இருக்காது. எங்கட நாடு சூடு, அது எதுக்கு எண்டு சொல்லி முந்தின பாஸ்மார் (மெக்கானிக்மார்) கழட்டி எறிஞ்சிடுவாங்க. ஆனா இந்த ஹைலக்ஸ் எஞ்சினில தெர்மோஸ்டாட்டுக்கு அடியில ஒரு சின்னத் தட்டு இருக்கு, எஞ்சின் சூடானதும் அது இறங்கி பைபாஸ் வழிய மூடும், அப்பதான் தண்ணி முழுக்க ரேடியேற்றருக்குப் போய் ஆறி வரும். கழட்டி எறிஞ்சா அந்த வழி எந்த நேரமும் திறந்தபடி, ஒரு பங்கு தண்ணி ஆறாமலே எஞ்சினுக்குள்ள சுத்திக்கொண்டு நிக்கும். சூடு குறைக்கக் கழட்டினது, கடைசியில ஏத்தத்தில சுமையோட போகேக்க சூடு ஏத்தும். புதுசு வாங்கினா நூலில கட்டி அடுப்பில கொதிக்கிற தண்ணிச் சட்டிக்குள்ள தொங்க விட்டுப் பாருங்க, கண் முன்னால வாய் திறக்கும். திறக்காததையும் கடையில விக்கிறாங்க.

இதில நானே ஒருக்கா மாட்டினனான். என்ர முதல் கெப், பெல்ட் மாத்தினன், ஒயில் மாத்தினன், ரேடியேற்றர் கழுவினன், கீழ் ஹோஸ் மட்டும் வெளியால பாக்க நல்லா இருந்ததெண்டு விட்டுட்டன், ஒரு ஹோஸ் காசு மிச்சம் பிடிச்ச கெட்டித்தனம். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம், பொழுது படுற நேரம், ஆனை ரோட்டுக்கு வாற இடம், டப்பெண்டு ஒரு சத்தம், முன்னுக்கு முழுக்கப் புகை. உள் பக்கத்தால உப்பி வெடிச்சிருந்தது. பழைய ரியூப் வார் ஒண்டு சீற்றுக்கு அடியில கிடந்தது, அத இறுக்கிச் சுத்தி, குடிக்கக் கொண்டு போன தண்ணிய ஊத்தி, மூடிய இறுக்காம விட்டு, இருபதில ஓடி ஓடிக் கந்தளாய்க்குத் திரும்பினன். அண்டைக்கு ஆனைக்கும் பயம், எஞ்சினுக்கும் பயம். அதுக்குப் பிறகு எந்தப் பழைய வண்டி வந்தாலும் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீற்றர் ஹோஸ், எல்லாம் ஒரேயடியா மாத்தச் சொல்லிடுவன்.

ஒயில் விசயத்துக்கு வாறன். எஞ்சின் ஒயில சூட்டோட இறக்குங்க, இறக்கினத உடன ஊத்தி எறியாதீங்க, ஒரு வெள்ளைப் பாத்திரத்தில கொஞ்சம் எடுத்து வெயிலுக்குப் பிடிச்சுப் பாருங்க. பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி இறங்குது. டீசல் மணம் தூக்கலா இருந்தா இஞ்செக்டரையோ பம்பையோ பாக்கோணும். காந்தத்த விட்டு எடுத்தா மாவு மாதிரிக் கொஞ்சம் ஒட்டும், அது வயசான எஞ்சினுக்குச் சகஜம், துணிக்கை துணிக்கையா வந்தாத்தான் யோசிக்க வேணும். 15டபிள்யூ-40 டீசல் ஒயில் காணும், 3எல் எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட 6 லீற்றர், பில்டரும் சேத்து. எஞ்சின் கழுவுற மருந்து ஊத்துவமா எண்டு கேப்பாங்க. ஊத்தாதீங்க. மூணு லட்சம் ஓடின எஞ்சினுக்குள்ள படிஞ்சு கிடக்கிற கரி ஒரேயடியாக் கழண்டு அடியில ஒயில் உறிஞ்சுற வலையில போய் அடைச்சா எஞ்சின் இறுகிச் சீஸ். அதுக்குப் பதிலா ஆயிரம் கிலோமீற்றரில இன்னொருக்கா ஒயிலும் பில்டரும் மாத்துங்க, மெல்ல மெல்லக் கழுவுப்படும்.

கியர்பொக்ஸுக்கும், சில்லுகளுக்குச் சுழற்சியப் பிரிச்சுக் குடுக்கிற டிபரன்சலுக்கும் ஒரே வாளி ஒயில ஊத்துற பழக்கம் ஒண்டு இருக்கு. டிபரன்சலுக்கு ஜிஎல்-5 எண்ட தர ஒயில். அதையே கியர்பொக்ஸுக்குள்ள ஊத்தினா அதில இருக்கிற கந்தகச் சரக்கு கியர் சத்தமில்லாம விழ உதவுற பித்தளைச் சின்க்ரோ வளையங்களத் தின்னக்கூடும், பிறகு ரெண்டாம் கியர் போடேக்க கர்ர் எண்டு சத்தம். கியர்பொக்ஸுக்கு ஜிஎல்-4 எண்டு போட்டதப் பாத்து வாங்குங்க. இன்னொரு சின்ன விசயம், இறக்க முதல் ஊத்துற நட்டக் கழட்டிப் பாருங்க. நான் இளந்தாரியா இருக்கேக்க இறக்கிற நட்டக் கழட்டி ஒயில் எல்லாம் ஓடினாப் பிறகு ஊத்துற நட்டு இறுகிப் போய்க் கழராம ராத்திரி பத்து மணி வரைக்கும் மல்லுக் கட்டினனான்.

டீசல் பில்டர் மாத்துங்க, அதுக்குக் கீழ தண்ணி பிரிக்கிற கிண்ணத்தில இருக்கிற குமிழத் தளத்தி, மேல இருக்கிற கைப் பம்ப அமத்தினா அடியில தேங்கின தண்ணி வரும். 2022 இல டீசல் இல்லாம கேனோட வரிசையில நிண்ட காலத்தில மண்ணெண்ணெய் கலந்து ஓடின வண்டி எத்தினையோ. எஞ்சினுக்கு டீசல் அடிக்கிற பம்புக்கு எண்ணெய்ப் பசை டீசல் மூலம்தான் கிடைக்குது, மண்ணெண்ணெயில அது காணாது, அதால காலையில ஸ்டார்ட் எடுக்கச் சிணுங்குற வண்டிய பம்ப் பாக்கிறவரிட்ட ஒருக்காக் காட்டுங்க.

பிறேக்குக்குக் கனக்கச் சொல்லத் தேவையில்ல, எல்லாரும் பயப்பிடுற சாமான். பிறேக் ஒயில் கோப்பி நிறத்தில இருந்தா முழுசா மாத்துங்க, அது காத்தில இருக்கிற ஈரத்த இழுக்கும். நாலு டிரம்மும் டிஸ்கும் கழட்டிப் பாருங்க, பின் சிலிண்டர் ஒழுகுதா எண்டு றப்பர் மூடிய நீக்கிப் பாருங்க.

கடைசியா உப்பு. கொழும்பில இருந்து வாற வண்டியில கீழ சேறு, எங்கட பக்கத்து வண்டியில கீழ உப்பு. கடற்காத்து மட்டும் இல்ல, மீன் ஏத்தின கெப்தான் படு மோசம். பெட்டியில ஐஸ் கரைஞ்சு உப்புத் தண்ணி பின் தட்டின்ர ஓட்டையளால ஒழுகி, நேரா சசிக்கு (வண்டியத் தாங்குற அடிச் சட்டம்) மேல விழும், சசி பெட்டி மாதிரித்தானே, உள்ளுக்குப் போன தண்ணி வெளிய வராது. உள்ளால தின்னும், வெளியால கறுப்புப் பெயின்ற் பளபளக்கும். அதுக்கு மேல கழிவொயில் பூசி இருந்தா இன்னும் கவனம். ஒரு சின்னச் சுத்தியல எடுத்து, வண்டிக்குக் கீழ படுத்து, பின் லீப் ஸ்பிரிங் மாட்டுற ஹேங்கருக்குப் பக்கத்தில இருந்து முன்னுக்குத் தட்டிக்கொண்டு வாங்க. நல்ல இரும்பு கணீர் எண்டும், உக்கினது பழுத்த பூசணிக்காய் மாதிரி பொத்துப் பொத்தெண்டும். பொத்தெண்ட இடத்தில ஸ்குரூ டிரைவரால குத்திப் பாருங்க. கிண்ணியா நானாட வண்டியில ஸ்குரூ டிரைவர் கைபிடி வரைக்கும் உள்ள போனது. அத வெட்டித் தகடு வச்சு ஒட்ட மூணு நாள் பிடிச்சது.

முதல்ல நல்ல தண்ணியால கீழ நல்லா அடிச்சுக் கழுவுங்க, பிறகுதான் கிரீஸ். கழுவ முதல் கிரீஸ் அடிச்சா பிறசர் தண்ணி அதத் தள்ளிட்டு உள்ள போகும். புரப்பெலர் சாப்ற், யூனிவேர்சல் ஜொயின்ற், ஸ்பிரிங் சாக்கிள், கிரீஸ் அடிக்கிற நிப்பிள் இருக்கிற இடமெல்லாம் பழைய கிரீஸ் பிதுங்கி வரும் வரைக்கும் அடிக்கோணும். ரயரில நாலு இலக்கம் இருக்கு, 2314 எண்டா 2014 ஆம் ஆண்டு 23 ஆம் கிழமை செஞ்சது, கட்டை (ரயரின்ர மேல் பல்லு) நல்லா இருக்கு எண்டு அத வச்சு ஓடாதீங்க.

எல்லாம் முடிச்சு நானாக்கு ஒரு எண்பது பக்கக் கொப்பி குடுத்தன். முதல் பக்கத்தில திகதி, மீற்றர் இலக்கம், மாத்தின சாமான், அதுக்குப் பக்கத்தில பில்ல ஒட்டி. ரைமிங் பெல்ட் கவருக்கு மேலயும் பெயின்றால திகதி எழுதி விட்டன். ரெண்டாம் தரம் ஒயில் மாத்த வரேக்க கொப்பியோடதான் வந்தார், சீற்றுக்கு அடியில பொலித்தீன் பையில சுத்தி வச்சிருந்தார், மீன் மணத்தோட.

"பாஸ், இனி செட் ஒண்டு பூட்டலாம்தானே?"

"பற்றரி டெர்மினலும் ஏர்த் வயரும் பச்சை பூத்துக் கிடக்கு நானா, அதப் பாத்துட்டுச் சொல்றன்."