மோடத்தின் கர்புர் சத்தத்தில் என்ன பேச்சு நடந்தது?

1996ல் அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்தபோது, கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு ஃப்ளாப்பியும் ஒரு தாளும் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து ஃபோன் போட்டுக் கல்லூரி நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி அதில் இருந்தது. நாம் நிரப்ப வேண்டியது ஐந்தாறு சமாச்சாரம்தான்: டயல் செய்யும் நம்பர், யூசர்நேம், பாஸ்வேர்ட், இரண்டு டிஎன்எஸ் முகவரிகள் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர்கள் இவை), சர்வர் வகை என்ற இடத்தில் பிபிபி, அதாவது ஃபோன் லைனில் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் முறையின் பெயர். இவ்வளவுதானா என்றிருந்தது. இரண்டு முனையில் இருக்கும் இயந்திரங்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள முடியாதவை மட்டுமே தாளில் இருந்தன என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. மற்றதெல்லாம் அவை பார்த்துக்கொண்டன. அந்தப் பேச்சின் முதல் பகுதி மட்டும் நம் காதிலும் விழுந்தது.

ஃபோன் லைன் மனிதக் குரலுக்காகப் போட்டது. சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் அதில் ஒழுங்காகப் போகும். கம்ப்யூட்டரின் பூஜ்யம், ஒன்றுகளை அப்படியே அனுப்பினால் எதிர்முனைக்குப் போய்ச் சேராது. அவற்றை ஒலியாக்கி அனுப்புவதும், வரும் ஒலியை மறுபடி எண்களாக்குவதும் மோடத்தின் வேலை.

டயல் செய்ததும் எதிர்முனை மோடம் முதலில் 2100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு கூவல் கொடுக்கும். இது நம் மோடத்துக்கு மட்டுமல்ல, டெலிஃபோன் நெட்வொர்க்குக்கும் சேர்த்துத்தான். மனிதர்கள் பேசும்போது எதிரொலி கேட்காமலிருக்க நெட்வொர்க்கில் அடக்கிகள் வைத்திருப்பார்கள். 'எதிரொலியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், நீ ஒதுங்கு' என்று அவற்றுக்குச் சொல்லும் சமிக்ஞை இது. அடுத்து வரும் கிரீச்சொலி, விநாடிக்கு 300 பிட் என்ற ஆமை வேகத்தில், யாருக்கு என்னென்ன முறைகள் தெரியும் என்று விசாரித்துக்கொள்வது.

அதற்கடுத்து வருவது எனக்குப் பிடித்த இடம். திருவிழாவில் மைக் செட்காரர் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்லிவிட்டு, எந்தக் குழாய் இரைகிறது, எது அமுங்குகிறது என்று குமிழைத் திருகுவாரே, அதுதான். 150 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பல சுருதிகளைச் சேர்த்தாற்போல அனுப்பி, இந்த லைன் எந்தச் சுருதியை விழுங்குகிறது, எதைக் கோணலாக்குகிறது என்று இரண்டும் அளந்துகொள்ளும். கடைசியில் வரும் 'ஷ்ஷ்' இரைச்சலில், தன் குரலே திரும்பி வந்தால் அதை எப்படிக் கழிப்பது என்று ஒவ்வொரு மோடமும் பழகிக்கொள்ளும். பிறகு ஸ்பீக்கர் அணைந்துவிடும்.

இத்தனை அளவெடுப்பு எதற்கு? 1994ல் வந்த வி.34 முறை அந்தக் குறுகிய லைனில் விநாடிக்கு 28,800 பிட்டை அடைத்தது. 1996ல் அது 33,600 ஆனது. ஒலியை விநாடிக்கு அதிகபட்சம் 3429 முறைதான் மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குள்ளும் ஏறக்குறைய பத்து பிட். ஒலி அலையின் உயரத்திலும் (வீச்சு), அது தொடங்கும் இடத்திலும் (கட்டம்) நுணுக்கமான வேறுபாடுகளைப் பிரித்தறிந்தால்தான் இது நடக்கும். அப்படியும் 28,800 வேகத்தில் ஒரு எம்பி ஃபைல் இறங்க ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆனது.

என் வீட்டில் பிரச்சினை லைனில் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய 486 கம்ப்யூட்டர், அதன் பின்னால் செருகிய வெளி மோடம். பழைய 14.4 மோடத்தில் (விநாடிக்கு 14,400 பிட்) ஒழுங்காக ஓடியது, 28.8 போட்டதும் ஃபைல் இறங்க இறங்க நின்று நின்று போனது. மோடத்தைத் திட்டினேன், ஃபோன் கம்பெனியைத் திட்டினேன். கடைசியில் டாஸில் எம்எஸ்டி என்ற சிறு புரோகிராமை ஓட்டினால், சீரியல் போர்ட் சிப் 8250 என்று காட்டியது. அந்தச் சிப் வந்த ஒரே ஒரு பைட்டைத்தான் கையில் வைத்திருக்கும். புது மோடம் தரவைச் சுருக்கி அனுப்புவதால் போர்ட்டை 1,15,200 வேகத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த வேகத்தில் 87 மைக்ரோ விநாடிக்கு ஒரு பைட் வந்து நிற்கும். அதற்குள் விண்டோஸ் வந்து எடுக்காவிட்டால் அடுத்தது இதன்மேல் விழுந்து அழித்துவிடும். 16550ஏ சிப்பில் பதினாறு பைட் தங்க இடம் உண்டு. அது வைத்த ஒரு சின்ன கார்டைச் செருகினேன், தீர்ந்தது. கல்லூரித் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மோடம்கள் இணைந்தபின் வெறும் பைட்டுகள் ஓடும். தரவைப் பொட்டலமாகக் கட்டிய பாக்கெட் எங்கே தொடங்குகிறது, அனுப்புவது யார், முகவரி என்ன? 1988ல் எழுதி வைத்த ஸ்லிப் முறையில் எல்லை குறிப்பதோடு சரி; ஐபி முகவரியைக்கூட நாமே டைப் செய்ய வேண்டும். பிபிபி வந்தபின் அதையும் இயந்திரங்கள் பேசிக்கொண்டன. பாஸ்வேர்டைச் சரிபார்த்த பிறகு, வீட்டுக் கம்ப்யூட்டர் 'என் முகவரி 0.0.0.0' என்று சொல்லும். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். கல்லூரி சர்வர் 'அது வேண்டாம், இதை வைத்துக்கொள்' என்று ஒரு முகவரியைத் தள்ளும். நம் கம்ப்யூட்டர் அதையே தன் முகவரியாகத் திருப்பிக் கேட்கும், சரி என்று பதில் வரும். டிஎன்எஸ் முகவரியையும் இப்படிக் கேட்டு வாங்கும் வழி 1995 டிசம்பரில்தான் எழுத்தில் வந்தது. அதனால்தான் எங்கள் தாளில் அந்த இரண்டு எண்களையும் கையால் அடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

தாளின் அடியில் ஒரு குறிப்பு: நம்பருக்கு முன்னால் *70 சேர்க்கவும். அங்கே கால் வெயிட்டிங் இருந்தால், வேறு யாராவது அழைக்கும்போது லைனில் ஒரு பீப் விழும். மனிதனுக்கு அது தொந்தரவில்லை; அந்த நொடியில் மோடம்களுக்குள் தொடர்பு அறுந்துபோகும். *70 போட்டால் அந்த அழைப்பு முடியும்வரை கால் வெயிட்டிங் கிடையாது. நான்கு பேர் இருந்த அபார்ட்மென்டில் ஒரே ஃபோன். ஞாயிறு காலை கும்பகோணத்தில் ஐஎஸ்டி பூத்தில் காத்திருந்து அம்மா அழைத்தால், இங்கே சனிக்கிழமை இரவு, எப்போதும் பிஸி டோன். 'யாருகிட்டடா அப்படி மணிக்கணக்கா பேசற?' என்று கேட்டாள். கம்ப்யூட்டர்கிட்ட என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

பிஸி டோன் எங்களுக்கும் கிடைத்தது. உள்ளூர் அழைப்புக்கு அங்கே நிமிடக் கணக்கு இல்லாததால், ஒருமுறை உள்ளே போனவர்கள் வெளியே வர மாட்டார்கள். கல்லூரி முனையில் மோடம்களோ எண்ணிக்கையாகத்தான் இருந்தன. எந்த மோடத்தில் விழுந்தாலும் ஒரே யூசர்நேம் செல்ல வேண்டுமென்றால், மோடம்களைச் செருகியிருக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் மாணவர் பட்டியலை வைத்திருக்க முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய மெரிட் நெட்வொர்க்குக்கு 1991ல் இதே தலைவலி. அதற்காக லிவிங்ஸ்டன் என்ற கம்பெனி ஒரு முறையை உருவாக்கியது: ஃபோனை எடுக்கும் பெட்டி எதையும் முடிவு செய்யாது, பெயரையும் பாஸ்வேர்டையும் நடுவிலுள்ள ஒரு சர்வரிடம் கேட்டுவிட்டு, ஆம் என்றால் உள்ளே விடும். ரேடியஸ் என்று பெயர்.

மோடம்கள் போய்விட்டன, ரேடியஸ் போகவில்லை. இன்று கல்லூரி வைஃபையில் யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்டால் பெரும்பாலும் பின்னால் அதுதான். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் சொந்தக் கல்லூரிப் பாஸ்வேர்டிலேயே நுழையவிடும் எஜுரோம் அதன்மேல்தான் ஓடுகிறது. ரேடியஸின் முழுப் பெயரில் 'டயல்-இன்' என்ற சொல் இன்னும் அப்படியே இருக்கிறது.