கரிசலும் செம்புறையும்: நெல் வேரடியில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ் பேசும் ஊர்களான வடகரைப்பதி, எருத்தேம்பதி பக்கம் சுண்ணாம்பு கலந்த கரிசல் மண் காணப்படுகிறது. அங்கிருந்து மேற்கே பட்டாம்பியை நோக்கிச் சென்றால் புளிப்புத் தன்மை கொண்ட செம்புறை மண் வந்துவிடுகிறது. இரு மண்ணின் நெல் வயல்களுக்கும், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் உயிர் உரமான பாஸ்போபாக்டீரியாவின் ஒரே பொட்டலத்தையே வாங்கி இடுகிறோம். ஆனால் அது இரண்டிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ் இரு மண்ணிலும் பயிருக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கிறது. கரிசலில் அதைப் பிடித்து வைத்திருப்பது கால்சியம். செம்புறையில் இரும்பும் அலுமினியமும். பாஸ்போபாக்டீரியா நெல் வேர் கசியவிடும் சர்க்கரையை உண்டு, குளுக்கோனிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களை வெளியிடுகிறது. அவை கால்சியம் பாஸ்பேட்டை நன்றாகக் கரைக்கின்றன. இரும்பு பாஸ்பேட் அவ்வளவு எளிதில் இளகுவதில்லை. கரிசலிலும் சுண்ணாம்பு மிகுந்தால் அமிலத்தின் பெரும்பகுதி அதனோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும் என்பதால், வேரை ஒட்டிய மெல்லிய மண்படலத்தில் பாக்டீரியா பெருகியிருந்தால்தான் பயிருக்குப் பலன் கிட்டும்.

செம்புறை வயலில் நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்ததும், மண்ணில் இயல்பாகவே வாழும் வேறு பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்பைக் கொண்டு சுவாசிக்கத் தொடங்குகின்றன. கரையாத ஃபெரிக் இரும்பு கரையும் ஃபெரஸ் இரும்பாக மாற, அதனோடு பிணைந்திருந்த பாஸ்பேட்டும் விடுபடுகிறது. கடையில் வாங்காத இந்த நுண்ணுயிர்களுக்கு நாம் உரிய மதிப்பைக் கொடுப்பதே இல்லை என்பது என் எண்ணம்.

உயிர் உரமாக விற்கும் இன்னொரு பாக்டீரியாவான அசோஸ்பைரில்லம், காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பயிர் எடுக்கும் வடிவில் நிலைப்படுத்துவது உண்மை. ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்க அதற்குக் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. குறைந்தது 16 செலவாகிறது, எனவே யூரியாவால் மண்ணில் அம்மோனியம் நிறைந்திருக்கும்போது அந்த வேலையை அது நிறுத்திவிடுகிறது. அதனினும் பெரிய உதவி அது சுரக்கும் இண்டோல் அசிட்டிக் அமிலம் என்றே கருதுகிறேன். இந்த வளர்ச்சி ஊக்கியால் பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் பெருகி, நாற்று நீரையும் சத்தையும் கூடுதலாக உறிஞ்சுகிறது.

ஒரு ஹெக்டேருக்கான நாற்றுக்கு 1 கிலோ அசோஸ்பைரில்லத்தை 40 லிட்டர் நீரில் கரைத்து, வேர்களை 20 முதல் 30 நிமிடம் நனைத்து நடலாம். பூஞ்சாணக் கொல்லி மருந்தை அந்நீரில் கலக்கக் கூடாது. நடவு வயலுக்கு 2 கிலோவைத் தொழுவுரத்துடன் கலந்து தூவுவது நல்லது. ஏனெனில் கரிமச்சத்து இல்லாத மண்ணில் இட்ட பாக்டீரியா உணவின்றி விரைவில் குறைந்துவிடும்.

1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, தூளாக விற்கும் இவ்வகை உயிர் உரத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த பொட்டலத்திலும் காலாவதியான பொட்டலத்திலும் அந்த எண்ணிக்கையை எதிர்பார்க்க முடியாது. ஆகவே வாங்கும்போதே தேதியைப் பார்த்து, நடவு நாள் வரை நிழலில் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருக்க வேண்டும்.