ஒரே லைன், இரண்டு வோல்டேஜ்

எங்கள் துணை மின் நிலையத்து மீட்டர் 424 கே.வி. (கிலோவோல்ட்) காட்டியது. அதே லைனின் மறுமுனையில், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், 417 காட்டியது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் 420 இருக்கிறது. நம் நாட்டில் 400 கே.வி. மின்கட்டம் 380-க்கும் 420-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது கிரிட் கோட், அதாவது மின்கட்ட விதித்தொகுப்பு, சொல்லும் வரம்பு. ஆக, எங்கள் கணக்குப்படி வரம்பு தாண்டியாகிவிட்டது. அவர்கள் கணக்குப்படி ஒரு குறையும் இல்லை.

ராத்திரி ஒரு மணிக்கு மேல் நாங்கள் போன் செய்வோம். "சார், உங்க பக்கம் பஸ் ரியாக்டரை உள்ளே போடுங்க, இங்கே ஹை வோல்டேஜ்." (பஸ் என்பது நிலையத்தில் லைன்கள் எல்லாம் வந்து சேரும் பொதுக் கம்பி. ரியாக்டர் அதன் வோல்டேஜை இறக்கும் கருவி.) மறுமுனையில் ஷிஃப்டில் இருப்பவர், "எனக்கு 417தானே சார் இருக்கு, நான் எதுக்குப் போடணும்?" என்பார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. மூன்று வாரம் இப்படியே ஓடியது. பேச்சில் மரியாதை குறையவில்லை. ஆனால், ‘இவர்கள் தங்கள் பிரச்சினையை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்' என்ற நினைப்பு இரண்டு பக்கமும் வளர ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சண்டை எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்வதற்கு முன், வோல்டேஜ் என்பது ஏன் அக்கம்பக்கத்து விவகாரம் என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

மின்சாரத்தில் நாம் எல்லோரும் அறிந்தது மெகாவாட். மோட்டார் சுற்றுவதும் விளக்கு எரிவதும் அதில்தான். அதோடு கூடவே ரியாக்டிவ் பவர் என்று ஒன்று உண்டு. அதை அளக்கும் அலகை கன்ட்ரோல் ரூமில் நாங்கள் ‘எம்வார்' என்போம். அது நேரடியாக எந்த வேலையும் செய்யாது. ஆனால் மோட்டாரிலும் மின்மாற்றியிலும் காந்தப்புலம் உருவாக அது வேண்டும். வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வயலுக்குள் ஏறிப் பாய வேண்டுமானால், வாய்க்காலில் ஒரு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றாக வேண்டும். மட்டம் இறங்கினால் கடைமடைக்கு எதுவும் போய்ச் சேராது. ஏறினால் கரை உடையும். அந்த மட்டம்தான் வோல்டேஜ். மட்டத்தைத் தாங்கி நிற்பது எம்வார்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உயர் அழுத்த லைன் தானே எம்வாரை உண்டாக்கும். வழக்கமான 400 கே.வி. லைன் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 55 எம்வார் தரும். பகலில் லோடு நிறைய ஓடும்போது அது லைனுக்குள்ளேயே செலவாகிவிடும். மழை பெய்யும் ராத்திரி, பம்ப் செட் ஓடவில்லை, ஏ.சி. ஓடவில்லை என்றால் அந்த எம்வார் போக இடமின்றித் தேங்கி வோல்டேஜை ஏற்றும். அப்போது அதை உறிஞ்சிக்கொள்வதற்குத்தான் துணை மின் நிலையங்களில் ரியாக்டர்கள் நிற்கின்றன. வோல்டேஜ் இறங்கும்போது எம்வார் கொடுக்க கெபாசிட்டர்கள் இருக்கின்றன. கெபாசிட்டரில் ஒரு சிக்கல்: வோல்டேஜ் 90 சதவீதத்துக்கு இறங்கினால் அது தரும் எம்வார் 81 சதவீதம் ஆகிவிடும். ஆபத்து முற்றும் நேரத்தில்தான் அதன் கை தளரும்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் இயங்கத் தொடங்கி, தென் மண்டலம் மற்ற மண்டலங்களோடு இணைந்தது. அன்றிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஃபிரீக்குவென்சி (அதிர்வெண்) ஒன்றுதான். அதில் கை வைத்தால் நாடு முழுக்கத் தெரியும். வோல்டேஜ் அப்படியில்லை. அது உள்ளூர்ச் சமாச்சாரம். எம்வாரைத் தொலைதூரம் அனுப்பவும் முடியாது; போகிற வழியிலேயே லைன் தின்றுவிடும். அதனால் ஒருவருக்கு வோல்டேஜ் பிரச்சினை வந்தால் அதைத் தீர்க்கக் கூடியவர்கள் அவரும் அவருடைய அடுத்த வீட்டுக்காரரும்தான். அடுத்த வீடு வேறு மாநிலமாக இருந்தாலும், வேறு நாடாக இருந்தாலும் இதே நிலைதான்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஷிஃப்டில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் உதவிப் பொறியாளர் ஒரு ராத்திரி லாக் ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "சார், கே.வி.யை விடுங்க. எம்வாரைப் பாருங்க" என்றார். அந்த லைன் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அந்த நேரத்தில் லோடு அதிகம் இல்லை. லைனிலிருந்து எங்கள் பஸ்ஸுக்குள் 28 எம்வார் வந்துகொண்டிருந்தது. மறுமுனைக்குப் போன் போட்டுக் கேட்டால், அங்கேயும் 31 எம்வார் உள்ளே வருகிறது என்றார்கள். லைன் தானாக உண்டாக்கியதை இரண்டு முனையும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

எங்கள் பக்கம் உண்மையிலேயே 7 கே.வி. அதிகமாக இருந்தால் இப்படி நடக்காது. எம்வார் உயர்ந்த வோல்டேஜிலிருந்து தாழ்ந்த வோல்டேஜுக்கு ஓடும். எங்களிடமிருந்து 60 எம்வார் போல வெளியே போயிருக்க வேண்டும். அவர்களுக்கு 120 போல உள்ளே போயிருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. அப்படியென்றால் இரண்டு முனையிலும் வோல்டேஜ் ஒன்றுதான். யாரோ ஒருவருடைய மீட்டர்தான் பொய் சொல்கிறது.

மறுநாள் காலை மல்டிமீட்டரோடு யார்டில் இறங்கினோம். 400 கே.வி.யை நேரடியாக அளக்க முடியாது. சி.வி.டி. என்ற கருவி அதைச் சிறிய வோல்டேஜாக மாற்றி மீட்டருக்குக் கொடுக்கும். பஸ் சரியாக 400-ல் இருந்தால் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் (மூன்று தனித்தனி மின்கம்பிகள்) ஒவ்வொன்றிலும் 63.5 வோல்ட் வரும். சி.வி.டி. வயர்கள் வந்து சேரும் மார்ஷலிங் பாக்ஸைத் திறந்து, டெர்மினலில் புரோபை வைத்தோம். ஒய் ஃபேஸ் 66.2. பி ஃபேஸ் 66.2. ஆர் ஃபேஸ் 68.4.

எங்களுடைய ஆர் ஃபேஸ் சி.வி.டி.தான். அதன் உள்ளே அடுக்கியிருக்கும் கெபாசிட்டர் எலிமென்ட்களில் மேல்பக்கத்து எலிமென்ட்கள் சில ஷார்ட் ஆனால் ரீடிங் கூடும். எங்கள் திரையில் வந்துகொண்டிருந்தது ஆர்–ஒய் வோல்டேஜ். அதனால்தான் 417 என்பது 424 ஆகத் தெரிந்தது. அவர்கள் சொன்னதுதான் சரி. அந்த சி.வி.டி.யை அந்த வாரமே கழற்றி மாற்றினோம். இப்படி ரீடிங் நகர்ந்துகொண்டே போகும் சி.வி.டி. ஒரு நாள் வெடிக்கவும் கூடும். யார்டில் அந்த நேரம் யாராவது நின்றிருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மூன்று வாரமும் நாங்கள் இல்லாத ஹை வோல்டேஜை இறக்க எங்கள் 125 எம்வார் ரியாக்டரை விடிந்த பிறகும் உள்ளேயே வைத்திருந்தோம். காலையில் விவசாய லோடு ஏறும்போது அவர்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கும். அவர்கள் கெபாசிட்டரைப் போடுவார்கள். இந்தப் பக்கம் உறிஞ்ச, அந்தப் பக்கம் ஊட்ட, எம்வார் எல்லையைத் தாண்டிச் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு யூனிட் மின்சாரம்கூட அதில் கிடைக்கவில்லை. லைன் நஷ்டம் மட்டும் கூடியது.

இது சின்ன விஷயம், ஒரு கருவிக் கோளாறு என்று நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் வெவ்வேறு எண்ணைப் பார்த்துக்கொண்டு மின்கட்டம் நடத்தினால் எங்கே போய் முடியும் என்பதற்கு உலகத்தில் பெரிய உதாரணங்கள் இருக்கின்றன.

2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் மூழ்கினார்கள். தொடக்கம் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் பகுதி. அங்கே எம்வார் பற்றாக்குறை இருந்தது. மதியம் 1.31-க்கு ஈஸ்ட்லேக் அனல்மின் நிலையத்தின் 5-வது யூனிட், இன்னும் கொஞ்சம் எம்வார் தர முயன்றபோது டிரிப் ஆனது, அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டது. அப்புறம் லைன்கள் மரங்களில் உரசி ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டன. விசாரணைக் குழு பிறகு சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று: அந்தப் பகுதியை நடத்திய நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்த குறைந்தபட்ச வோல்டேஜ், பக்கத்து நிறுவனங்கள் வைத்திருந்ததைவிடத் தாழ்வாகவும் அவற்றோடு ஒத்துப்போகாமலும் இருந்தது. அடுத்த வீட்டில் அபாயம் என்று சொல்லும் எண், இந்த வீட்டில் இயல்பு.

2025 ஏப்ரல் 28, ஸ்பெயினும் போர்ச்சுகலும். இது நேர் எதிர். வோல்டேஜ் ஏறி விழுந்த மின்கட்டம். ஐரோப்பாவில் வோல்டேஜ் ஏறிச் சங்கிலித்தொடராக விழுந்த முதல் பிளாக்அவுட் இதுதான். ஸ்பெயினில் 400 கே.வி. மின்கட்டத்துக்கு உச்ச வரம்பு 435. பிரான்சிலும் போர்ச்சுகலிலும் 420. அன்று மதியம் 12 மணிக்குப் பிறகு கிரிட்டில் ஊசலாட்டம் வந்தது. அதை அடக்க லைன்களைக் கூடுதலாக இணைத்தார்கள், பிரான்சுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்தார்கள். ஊசலாட்டம் அடங்கியது. ஆனால் லைன் கூடினால் எம்வார் கூடும், லைனில் லோடு குறைந்தால் அது தேங்கும் என்று மேலே சொன்னேனே, அதுதான் நடந்தது. வோல்டேஜ் ஏறியது. சூரிய மின் நிலையங்கள், காற்றாலைகள் பலவும் நிலையான பவர் ஃபேக்டரில் (மெகாவாட்டுக்கு இத்தனை எம்வார் என்ற மாறாத விகிதத்தில்) ஓடின. வோல்டேஜ் ஏறுகிறதே என்று கூடுதலாக உறிஞ்சவில்லை. உறிஞ்சிக்கொண்டிருந்த நிலையங்கள் டிரிப் ஆக ஆக, உறிஞ்சுவதும் நின்றது. 12.32 தாண்டித் தொடங்கியது. அரை நிமிடம் போல, அவ்வளவுதான். அங்கே ரியாக்டர்களை ஆட்கள்தான் கையால் போட வேண்டியிருந்தது. அந்த வேகத்துக்கு எந்த மனிதராலும் ஈடுகொடுக்க முடியாது.

நம் ஊரில் வோல்டேஜ் என்றாலே ‘லோ வோல்டேஜ்' என்றுதான் பேச்சு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதுதான் எங்கள் கவலையும். இப்போது ராத்திரி ஷிஃப்டில் எங்களை எழுப்புவது ஹை வோல்டேஜ். ரியாக்டர் எல்லாம் போட்ட பிறகும் இறங்கவில்லை என்றால், மண்டல மின்கட்டுப்பாட்டு மையத்திடம் கோட் நம்பர் (அனுமதி எண்) வாங்கி ஒரு லைனையே திறந்து வைப்போம், அதாவது துண்டித்து வைப்போம். அந்த லைன் தரும் எம்வார் போய்விடும், வோல்டேஜ் இறங்கும். ஆனால் கிரிட்டில் ஒரு கால் குறைந்துவிடும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டபோது இணைப்பில் இல்லாமல் வெளியே இருந்த லைன்களில் ஹை வோல்டேஜுக்காகத் திறந்து வைத்தவையும் இருந்தன. அதனால் லைனைத் திறப்பதை நான் கடைசி வழியாகத்தான் பார்க்கிறேன். பக்கத்து நிலையத்தில் ஒரு ரியாக்டர் சும்மா நிற்க, இங்கே ஒரு லைனைத் திறப்பது என்னால் ஏற்க முடியாத காரியம்.

விதிகளும் இருக்கின்றன. வோல்டேஜ் 97 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது எம்வார் இழுத்தால் காசு கட்ட வேண்டும். 103 சதவீதத்துக்கு மேலே இருக்கும்போது தள்ளினால் கட்ட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் 2010 கிரிட் கோட், இரண்டு மாநிலங்கள் தங்களுக்குச் சொந்தமான இணைப்பு லைன்களில் பரிமாறிக்கொள்ளும் எம்வாருக்கு, கட்டணமே வேண்டாம் என்று தமக்குள் பேசி முடித்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது. அது உள்ளூர் வோல்டேஜ் விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். பில் வாரக்கணக்கில் கழித்து வரும். ராத்திரி ஒரு மணிக்கு அது உதவாது.

முன்கூட்டிப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு 2020 ஏப்ரல் 5 சாட்சி. இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்ன நாள். நாடு முழுக்கத் தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. அறிவிப்பு வந்தது 3-ஆம் தேதி. இடையில் இருந்த இரண்டு நாளில் எந்த ரியாக்டர் உள்ளே, எந்த கெபாசிட்டர் வெளியே, எந்த நீர்மின் நிலையம் எப்போது இறங்கும் என்று எல்லா மையங்களும் ஒன்றாக உட்கார்ந்து எழுதின. கிரிட் விழாமல் தாக்குப்பிடித்தது.

எங்கள் லைன் விஷயத்திலும் அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு வந்தது. மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லை. இரண்டு நிலையத்து ஷிஃப்ட் பொறியாளர்களும் போனில் பேசி வைத்துக்கொண்டதுதான். மாதம் ஒருமுறை, லோடு குறைந்த ஒரு ராத்திரி 2 மணிக்கு, இரண்டு முனையிலும் ஒரே நிமிடத்தில் கே.வி., எம்வார், மின்மாற்றியின் டேப் நிலை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் படி) எல்லாவற்றையும் படித்து ஒரே தாளில் எழுதுகிறோம். மூன்று ஃபேஸையும் தனித்தனியாக. யாராவது டேப்பை மாற்றப் போகிறார்கள் என்றால் மாற்றுவதற்கு முன்பே மறுமுனைக்குச் சொல்கிறோம். ரியாக்டரைப் பராமரிப்புக்கு எடுக்கும் தேதிகள் மோதாமல் பார்த்துக்கொள்கிறோம். மொத்தம் பத்து நிமிட வேலை.

எல்லையோர நிலையத்தில் இருக்கும் இளம் பொறியாளர்கள் யாராவது இதைப் படித்தால், இன்று ராத்திரியே மறுமுனைக்கு ஒரு போன் போட்டு அவர்கள் எண்ணைக் கேளுங்கள்.

போன மாதத்துத் தாள்: எங்கள் பக்கம் 411, அவர்கள் பக்கம் 410. எங்களுக்கு உள்ளே 17 எம்வார், அவர்களுக்கு உள்ளே 41. கணக்கு ஒத்துப்போகிறது.