சமுதாய உளவியல்: சொல்லும் பொருளும்

'உளசமூக' என்ற சொல்லைக் கேட்டறியாத அரச உத்தியோகத்தர் திருகோணமலையில் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்து போன பிறகு, குச்சவெளியிலிருந்து வெருகல் வரை பதாகைகளிலும் படிவங்களிலும் அந்தச் சொல் குடியேறிவிட்டது. அதன் பின்னாலேயே 'சமூக உளவியல்', 'சமுதாய உளவியல்' என்ற இரண்டும் வந்தன. பயிற்சிப் பட்டறை அறிவித்தல்களில் இம்மூன்றையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக எழுதுகிறார்கள். மூன்றும் வேறு வேறு. ஆங்கிலத்தில் 'கம்யூனிட்டி சைக்கோலொஜி' எனப்படும் துறைக்கு உரிய தமிழ்ப் பெயர் சமுதாய உளவியல்தான்.

முதலில் துறையைப் பார்ப்போம். 1963இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மனநோயாளரைப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைப்பதை விட்டு, அவரவர் ஊரிலேயே சேவை நிலையங்கள் அமைப்பது அதன் நோக்கம். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலமும் அதுவே. 1965 மே மாதம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் சுவாம்ஸ்கொட் என்ற கடற்கரை ஊரில் உளவியலாளர் சிலர் கூடினார்கள். நோயாளி வந்து கதவைத் தட்டும்வரை காத்திருப்பது போதாது, நோயை விளைவிக்கும் வாழ்நிலையிலேயே கைவைக்க வேண்டும் என்பது அங்கே எழுந்த பேச்சு. துறையின் பிறந்த இடமாக அந்தக் கூட்டத்தையே குறிப்பிடுகிறார்கள்.

'சோஷியல் சைக்கோலொஜி' என்பது வேறு. கூட்டத்தின் நடுவே தனிமனிதர் எப்படி எண்ணுகிறார், யாருக்குப் பணிகிறார், யாரை வெறுக்கிறார் என்று அது ஆராய்கிறது. பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் வளர்ந்த அந்தத் துறைக்குத் தமிழில் 'சமூக உளவியல்' என்ற பெயர் எப்போதோ நிலைத்துவிட்டது. 'உளசமூக' என்பதோ துறையின் பெயரே அல்ல, உள்ளத்தையும் சமூக வாழ்வையும் சேர்த்துக் கவனிக்கும் சேவைகளுக்கு முன்னால் வைக்கும் அடைமொழி: உளசமூக ஆதரவு, உளசமூகப் பணி. அதை அதன் இடத்தில் விட்டுவிடலாம்.

வேறுபாடு எங்கே உறைக்கும் என்பதற்கு நம் மாவட்டத்துக்கு நன்கு பழக்கமான நுண்கடனை எடுத்துக்கொள்கிறேன். கிழமைக்கு ஒருநாள், குறித்த நேரத்துக்கு, ஒரு வீட்டு விறாந்தையில் பெண்கள் கூடுவார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவளுக்கும் சேர்த்துப் பொறுப்பு. காசு முழுதாகச் சேரும்வரை வசூலிக்க வந்தவர் எழும்பமாட்டார்; கூடியிருப்பவர்களும் எழும்ப முடியாது. ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட வேறொன்று. இப்படி மாட்டிக்கொண்ட பெண் நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வைத்தியசாலைக்கு வருகிறாள். மருத்துவ உளவியல் அவளுடைய பதற்றத்தைத் தணிக்கும், அது தேவைதான். சமூக உளவியலாளர் அந்த விறாந்தையில் வெட்கமும் குழு அழுத்தமும் வேலை செய்யும் விதத்தை விளக்குவார். சமுதாய உளவியலாளரின் கேள்விகள் வேறு: இதே முறைப்பாட்டோடு அந்த ஒழுங்கையிலிருந்து இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள்? வட்டி என்ன? கூட்டுறவுச் சங்கம் ஏன் படுத்துவிட்டது? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் சுழற்சி நிதி ஒன்றை நடத்த முடியுமா? வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசு அறிவித்தது. நிதியமைச்சு எடுத்த முடிவு என்றாலும், அதை ஓர் உளநல நடவடிக்கையாகவும் கணக்கில் சேர்க்கத் தயங்காத துறை இது. சமூகநீதி இந்தத் துறையின் நடுவில் நிற்பதற்குக் காரணமும் இதுதான். தூக்கமின்மைக்குக் காரணம் அநீதி என்றால், மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது பாதிக்கப்பட்டவளையே பழிப்பதில் போய் முடியும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'கம்யூனிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் 'கொம்யூனிஸ்' என்ற இலத்தீன் சொல். அதற்குள் இருக்கும் 'மூனுஸ்' கடமையைக் குறிக்கும். கடமையைப் பகிர்ந்து சுமப்பவர்கள் என்று கொள்ளலாம். தமிழில் வழங்கும் சமூகம், சமுதாயம் இரண்டும் வடமொழி வழி வந்தவை. முன்னது திரள், பின்னது ஒன்றுசேர்தல். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய நில வழக்கில், ஊரார் காணியைப் பொதுவில் வைத்துப் பங்கிட்டு அனுபவித்த கிராமத்துக்குச் 'சமுதாயக் கிராமம்' என்று பெயர். அகராதிக்காரர் தேடியலைந்தாலும் இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

இலங்கைத் தமிழில் 'சமூகம்' ஏற்கெனவே தோள் நிறையச் சுமக்கிறது. திருகோணமலையில் 'மூன்று சமூகங்களும்' என்றால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர். 'சமூக உளவியல் ஆய்வு' என்று தலைப்பிட்டுக் கிண்ணியாவுக்குப் போனால், எந்தச் சமூகத்தைப் பற்றி என்ற கேள்வி வருவது நியாயமே. கூட்ட அழைப்புகளில் வரும் 'சமூகமளிக்கவும்' வேறு கதை. அது நேர்முகம் என்று பொருள்படும் 'சமுகம்' என்ற சொல் நெடிலாகித் திரிந்தது. அரச மொழியிலோ வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது: சமூக சேவைகள் திணைக்களம் ஒன்று, சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் மற்றொன்று. சிங்களத்திலும் 'சமாஜ', 'பிரஜா' என்று இரண்டையும் பிரித்தே எழுதுகிறார்கள். மருத்துவ பீடங்களில் 'சமுதாய மருத்துவம்' பல காலமாக இருக்கிறது. உளவியலுக்கு மட்டும் ஏன் தடுமாற்றம் என்று எனக்கு விளங்கவில்லை.

'உளவியல்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னர் 'மனோதத்துவம்' என்று எழுதினார்கள்; அந்தப் பெயர் இப்போது வார இதழ்க் கேள்வி பதில்களோடு ஒதுங்கிவிட்டது.

துறையின் கலைச்சொற்களில் முக்கியமானது 'சமுதாய உணர்வு', அதாவது இந்த ஊர் என்னுடையது, நான் இதைச் சேர்ந்தவர் என்ற உணர்வு. 1974இல் அமெரிக்க உளவியலாளர் செய்மூர் சரசன் இதை முன்வைத்தார். 1986இல் மக்மிலன், சாவிஸ் இருவரும் நான்கு கூறுகளாக வகுத்தார்கள்: அங்கத்துவம், செல்வாக்கு, தேவை நிறைவு, பகிர்ந்த உணர்ச்சிப் பிணைப்பு. ஆழிப்பேரலைக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று விதித்தார்கள். பின்னர் தளர்த்தப்பட்ட அந்த விதியை இந்த நான்கையும் வைத்து அளந்து பாருங்கள். கல்வீடு கிடைக்கிறது, ஆனால் வாடி தூரம், வள்ளம் தூரம், கரைவலை இழுக்க வருபவர்கள் வேறு வேறு திட்டத்தில் வேறு வேறு காணியில். முடிவெடுத்த இடத்தில் கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் குரல் இல்லையென்றால் 'செல்வாக்கு' என்ற கூறு அங்கேயே விழுந்துவிடும்.

உள்ளூர் ஆதரவு என்பதை ஆய்வாளர்கள் பெரும் சொற்களால் எழுதுவார்கள். நம் ஊர்களில் அதற்கு மரணாதாரச் சங்கம் என்று பெயர். செத்தவீடு என்றால் கதிரை, கூடாரம், பெரிய கிடாரம் எல்லாம் சங்கத்திலிருந்து வரும். அயலட்டை சமைக்கும், எட்டுச் செலவு வரை அந்த வீட்டில் தனிமைக்கு இடமில்லை. முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகம் இதே சுமையைத் தோளில் ஏற்றுக்கொள்கிறது. வெளியிலிருந்து உளவளத்துணையாளர் ஒருவரை அனுப்புமுன் இவற்றைக் கணக்கெடுப்பதுதான் சமுதாய உளவியலின் முதல் வேலை.

இவை சிதைந்தால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் வடக்கை வைத்து ஆராய்ந்து எழுதினார். மனவடு தனியாளோடு நிற்பதில்லை. குடும்பமும் ஊரும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கமும் சேர்ந்து காயப்படுகின்றன என்பது அவருடைய கூற்று. 2006இல் போரால் இடம்பெயர்ந்து, 2015இலும் 2016இலும்தான் காணிக்குத் திரும்பிய சம்பூர்க் குடும்பங்களுக்கு இது புதுச் செய்தியல்ல. எல் சல்வடோரில் இதே திசையில் 'விடுதலை உளவியல்' பேசிய இக்னாசியோ மார்ட்டின்-பரோ என்ற பாதிரியாரை 1989 நவம்பர் 16ஆம் திகதி இராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். உளவியலைச் சாதுவான படிப்பு என்று நினைப்பவர்கள் இதையும் அறிந்திருக்கலாம்.

மொழிபெயர்ப்போருக்கு இன்னும் இரண்டு சொற்கள். அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ரப்பபோர்ட் 1981இல் இந்தத் துறைக்குள் வலுவாக நிறுத்திய 'எம்பவர்மென்ட்' தமிழ்நாட்டில் 'அதிகாரமளித்தல்', இங்கே 'வலுவூட்டல்'. 'அளித்தல்' என்றால் கொடுப்பவர் ஒருவர் மேலே இருக்கிறார் என்றாகிறது. 'ஊட்டலும்' அதே சாயல்தான். 'வலுப்பெறல்' இரண்டையும்விட நேர்மையானது, ஆனால் படிவங்களில் ஏறவில்லை. மற்றது 'பங்கேற்புச் செயலாய்வு': கேள்வியை ஊரவரோடு சேர்ந்து வகுத்து, சேர்ந்து தேடி, கண்டதை அதே ஊர்க் கூட்டத்தில் வைத்து, அதன்மேல் நடவடிக்கையும் எடுப்பது. வினாக்கொத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவதை இந்தப் பெயரால் அழைக்கக் கூடாது. அதற்குத் தமிழில் 'தரவு சேகரிப்பு' என்ற சொல் இருக்கிறது.