அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லுங்கள்

இந்த ஆண்டும் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒருவர் வந்துவிட்டார். மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பள்ளி வாசலில் ‘சிபிஎஸ்இ’ என்று ஆளுயர எழுத்து. பத்தாம் வகுப்புப் புத்தகம் வாங்கி அட்டை போட்ட பிறகுதான் நிர்வாகம் வாயைத் திறந்திருக்கிறது: “வகுப்பு இங்கேதான் நடக்கும், தேர்வை மட்டும் எங்கள் வேறொரு பள்ளியின் பெயரில் எழுதட்டும்.” அந்த வேறொரு பள்ளி அடுத்த மாவட்டத்தில் இருக்கிறது.

கட்டண ரசீதுகளை ஆண்டுவாரியாகப் பின் போட்டு எடுத்து வந்திருந்தார். சீருடைக்கு, ஷூவுக்கு, ஆண்டு விழாவுக்குக்கூட ரசீது இருந்தது. “பள்ளியின் அங்கீகார ஆணை நகல் எங்கே?” என்றேன். “அதெல்லாம் மாநில அரசு விவகாரம் சார். இது டெல்லி போர்டு ஆயிற்றே?” என்றார்.

அரசு ஊழியர், வங்கி மேலாளர், மருத்துவர் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள். பள்ளிக் கல்வி வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராகக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் எழுதுகிறேன்.

போர்டு என்பது பாடத்திட்டத்தையும் பொதுத்தேர்வையும் வைத்திருக்கும் அமைப்பு. ஒரு கட்டடத்தைப் பள்ளி என்று நடத்த அனுமதிப்பது அரசு. ஓட்டலில் எந்தக் கம்பெனி மசாலா போடுகிறார்கள் என்பது ஒன்று. அந்த ஓட்டலுக்கு உரிமம் இருக்கிறதா என்பது இன்னொன்று. மசாலாப் பொட்டலத்தைக் காட்டி உரிமம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். பள்ளி சொன்னால் மட்டும் தலையாட்டிவிட்டுப் பணம் கட்டுகிறோம்.

என் வார்த்தையை நம்ப வேண்டாம், சட்டத்தைப் பாருங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அங்கீகாரச் சான்று இல்லாமல் எந்தத் தனியார் பள்ளியையும் தொடங்கவோ நடத்தவோ கூடாது என்கிறது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை. சரி, அந்தச் சான்றை எந்த அரசு தரும்? அதே சட்டத்தின் 2ஆம் பிரிவின் தொடக்கத்திலேயே விடை இருக்கிறது. மத்திய அரசே நிறுவிய, மத்திய அரசுக்குச் சொந்தமான, அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ள பள்ளிகளுக்கு ‘உரிய அரசு’ மத்திய அரசு. மற்றப் பள்ளிகளுக்கு அவை அமைந்துள்ள மாநிலத்தின் அரசு. கேந்திரிய வித்யாலயாவும் நவோதயாவும் முதல் வகை. உங்கள் தெருக்கோடியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ‘இன்டர்நேஷனல்’ பள்ளி, எந்தப் போர்டின் பாடத்தை நடத்தினாலும், இரண்டாவது வகை. அதற்கு உரிய அரசு தமிழ்நாடு அரசுதான்.

சிபிஎஸ்இயும் இதை மறுப்பதில்லை. அதன் இணைப்பு (அஃபிலியேஷன்) விதிகளே மாநில அங்கீகாரத்தைக் கேட்கின்றன. ஐசிஎஸ்இ தேர்வை நடத்தும் கவுன்சில் அரசு அமைப்பே இல்லை. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். அது தரும் இணைப்பை அரசு அனுமதி என்று நினைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு என்ன சொல்வதென்றே தெரிவதில்லை.

(தொழில்முறையில் ஒரு குறிப்பு. உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவில் சிபிஎஸ்இயை முதல் எதிர்மனுதாரராகப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. முதல் விசாரணையிலேயே சிபிஎஸ்இ தரப்பு வழக்கறிஞர் எழுந்து, பள்ளி நிர்வாகம் எங்கள் பொறுப்பில் இல்லை என்பார். அவர் சொல்வதில் பெரும்பாலும் நியாயம் இருக்கும். ஒரு வாய்தா வீண்.)

மாநிலத்துக்குள் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்திருக்கவில்லை என்பதும் மக்களைக் குழப்புகிறது. ‘ஸ்டேட் போர்டு’ என்று ஒரு பெயர்ப்பலகையைத் தேடிப் போனால் அலைய வேண்டியதுதான். கொள்கை முடிவுகள் தலைமைச் செயலகத்தில் பள்ளிக் கல்வித் துறையின் அரசாணைகளாக வருகின்றன. பாடத்திட்டத்தை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் தயாரிக்கிறது. புத்தகத்தைப் பாடநூல் கழகம் அச்சிடுகிறது. பொதுத்தேர்வு, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் வேலை. தனியார் பள்ளிகளுக்கென்று தனி இயக்ககம் இருக்கிறது. பழைய மெட்ரிகுலேஷன் பள்ளிகள் இயக்ககம்தான் 2022 மறுசீரமைப்பில் இப்படிப் பெயர் மாறியது. அப்போதே மாவட்ட அளவில் தனியார் பள்ளிகளுக்கென்று மாவட்டக் கல்வி அலுவலர் பணியிடமும் வந்தது. முதன்மைக் கல்வி அலுவலர் அவருக்கு மேல். பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டு அதிகாரிகளை மட்டும்தான்.

போர்டு முடிவு எது, அரசின் மேற்பார்வை எது என்று பிரித்துப் பார்ப்பதும் கடினமில்லை. 2010 சமச்சீர் கல்விச் சட்டம், தனித்தனியாக இயங்கிய மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் ஆகிய நான்கையும் ஒரே பாடத்தின் கீழ் கொண்டுவந்தது. அதை நிறுத்திவைக்க முயன்ற அடுத்து வந்த அரசு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்ட்டில் தோற்றது. அந்தப் புத்தகங்கள் சிபிஎஸ்இ மாணவரின் பையில் ஏறவில்லை. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கைவிட்டபோதும் சிபிஎஸ்இ மாணவருக்கு எந்த மாற்றமும் இல்லை. இவை போர்டுக்குள் அடங்கும் விஷயங்கள்.

ஆனால் 2006 தமிழ் கற்றல் சட்டம் அவர்களையும் தொட்டது. 2015–16 முதல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பிற போர்டு பள்ளிகளிலும் தமிழ் கட்டாயப் பாடமானது. தாம்பரம் அருகே 2012இல் பஸ்ஸின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு வந்த பள்ளி வாகனச் சிறப்பு விதிகள் எல்லாப் பள்ளி வாகனங்களுக்கும் பொருந்தும். 2009 கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கும் கட்டணம் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் உண்டு. ‘எங்களுக்குக் கட்டணக் குழு பொருந்தாது’ என்று பள்ளி சொன்னால், எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் யாரும் தரமாட்டார்கள்.

அங்கீகார ஆணை என்ற அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். பெரும்பாலான பெற்றோர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. தலைப்பில் அதிகாரியின் பதவிப் பெயரும் ‘அவர்களின் செயல்முறைகள்’ என்ற சொல்லும் இருக்கும். அடுத்து ந.க.எண் என்ற கோப்பு எண், நாள். அதன் பிறகு பொருள், பார்வை என்று வழக்கமான அரசு நடை. அதில் பாதியைப் படிக்கவே வேண்டாம். மூன்று இடங்களில் மட்டும் விரலை வைத்துப் படியுங்கள்.

முதலாவது, பள்ளியின் பெயரும் முகவரியும். நீங்கள் பணம் கட்டும் கட்டடத்தின் கதவு எண்ணும் தெருவும் அதில் இருக்க வேண்டும். ஒரே அறக்கட்டளையின் இன்னொரு வளாகத்துக்கு வாங்கிய ஆணையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது, வகுப்புகள். ‘எல்கேஜி முதல் ஐந்தாம் வகுப்பு வரை’ என்று இருக்கும் ஆணையை வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு நடத்துகிறார்கள். என்னிடம் வந்தவரின் பள்ளிக்கு எட்டாம் வகுப்பு வரைதான் அனுமதி. ஒன்பதாம் வகுப்பில் அவர் மகள் சட்டப்படி எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. மூன்றாவது, காலம். வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்குத்தான் அங்கீகாரம் தருகிறார்கள். ‘முடிய’ என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கும் தேதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். கடந்திருந்தால், புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பத்தைக் காட்டி ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்பார்கள். சில நேரம் உண்மையாகவே அலுவலகத்தில் தாமதம் ஆகியிருக்கும், பள்ளியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பல ஆண்டுகளாகப் பரிசீலனையிலேயே இருந்தால், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றோ கட்டட உறுதிச் சான்றோ கிடைக்காமல் நிற்கிறது என்று பொருள்.

அந்தச் சான்றுகளைச் சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன்: 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின. கட்டட உரிமம், கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று நான்கு சான்றுகளையும் அதிகாரிகள் இவ்வளவு வலியுறுத்துவதற்குப் பின்னால் அந்த நாள் இருக்கிறது. ‘இன்ஸ்பெக்‌ஷன் என்ற பெயரில் தொல்லை தருகிறார்கள்’ என்று நிர்வாகி புலம்பும்போது பெற்றோரும் சேர்ந்து உச்சுக்கொட்டுவதைக் கேட்டால் கோபம் வருகிறது.

சரி, ஆணைக்குப் பதிலாக வேறு எண்களைக் காட்டுவார்கள். யுடைஸ் எண் என்று பதினோரு இலக்கம் ஒன்று, தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும். அது புள்ளிவிவரத்துக்கான எண். அங்கீகாரம் இல்லாத பள்ளிகளும் அந்தக் கணக்கெடுப்பில் இருக்கும். பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் குழந்தையின் பெயர் ஏறியிருப்பதும் அங்கீகாரத்துக்குச் சான்று ஆகாது. ‘சிபிஎஸ்இ பாடத்திட்டம்’, ‘சிபிஎஸ்இ முறை’ என்று பலகையில் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இணைப்பு பெற்ற பள்ளி இணைப்பு எண்ணைப் போடும்; தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது வழக்கமாக 19 என்று தொடங்கும். சிபிஎஸ்இயின் சாரஸ் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டு வரை என்று வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. கைப்பேசி வாங்கும்போது இதைவிட அதிகம் விசாரிக்கிறோம்.

சிறுபான்மைப் பள்ளி என்றால்? 2014இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் கல்வி உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்துவதில்லை. மாநிலத்தின் தனியார் பள்ளிகள் சட்டப்படி அனுமதியும் அங்கீகாரமும் அவற்றுக்கும் வேண்டும். காகிதத்தைக் கேட்பதில் மாற்றமில்லை.

ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள் பதற வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை என்றால் சட்டம் குழந்தையின் பக்கம் இருக்கிறது. 5ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாற உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. கட்டண பாக்கி என்று சான்றிதழைப் பிடித்து வைக்கும் பள்ளிக்கு, சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னதை நினைவூட்டுங்கள்: மாற்றுச் சான்றிதழ் பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது. பள்ளிக்குப் பணம் வர வேண்டியிருந்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போகட்டும்.

ஒன்பது, பத்து என்றால்தான் சிக்கல். சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவர் பதிவு நடக்கிறது. எந்தப் பள்ளியின் பெயரில் பதிவு என்று அந்த ஆண்டே கேளுங்கள். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்து வந்தால் நீதிமன்றம்கூடக் குழந்தையின் ஆண்டை மீட்டுத் தர முடியாமல் போகலாம். தயவுசெய்து முன்கூட்டியே வாருங்கள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு தந்தைக்கு இதைச் சொல்வது எளிதாக இல்லை.

பள்ளி ஆணையைக் காட்ட மறுத்தால் சண்டை போட வேண்டாம். மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு எழுதுங்கள். பள்ளியின் அங்கீகார ஆணை நகல், அனுமதிக்கப்பட்ட வகுப்புகள், கட்டண நிர்ணய ஆணை நகல் ஆகிய மூன்றைக் கேட்டால் போதும். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். அவசரம் என்றால் 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் இருக்கிறது.

புகார் மனுவை மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள், நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் சேர்ந்து பொங்கியதன் ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டுவந்து ‘புகார் கொடுத்துவிட்டோம் சார்’ என்கிறார்கள். அதிகாரியிடம் மனு கொடுத்து, அவர் செயல்படவில்லை என்று காட்டினால்தான் உயர் நீதிமன்றத்தில் ஆணை கேட்க முடியும். அந்த ஒப்புகை அட்டை இல்லாமல் ரிட் போடச் சொல்லி என்னிடம் வராதீர்கள். திருப்பி அனுப்பிவிடுவேன்.