ஜதீத்: ஒரு சொல்லும் அதற்கான தமிழும்

உஸ்பெக் எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், நாடகக்காரர்கள் என்று யாரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினாலும் சில பக்கங்களுக்குள் ‘ஜதீத்’ என்ற சொல் வந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய ஆசியாவில் புது வகைப் பள்ளிகளுக்காகப் பாடுபட்ட முஸ்லிம் அறிஞர்களுக்கு வழங்கிய பெயர் அது. பெஹ்பூதி ஒரு ஜதீத். ஃபித்ரத் ஒரு ஜதீத். அவ்லோனி, காதிரி, சோல்பான் ஆகியோரையும் அப்படித்தான் குறிப்பிடுவார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து இதை ‘ஜடிட்’ என்று எழுதிவிட வேண்டாம். அரபியிலும் உஸ்பெக்கிலும் இந்த ஒலி நம் தகரத்துக்குத்தான் நெருக்கம். ஆகவே ஜதீத்.

அரபியில் இதற்குப் பொருள் ‘புதிய’. ஆனால் அந்தப் பொருள் வந்த வழி அழகானது. ஜ-த-த என்ற வேருக்கு ‘அறுத்தல்’ என்று ஒரு பொருள் உண்டு. தறியிலிருந்து அப்போதுதான் அறுத்தெடுத்த துணியைச் சொல்லத்தான் ஜதீத் முதலில் வந்தது என்று பழைய அரபி அகராதிகள் காட்டுகின்றன. நாம் புதுத்துணியைக் ‘கோடி’ என்கிறோமே, அதே மணம். அப்புறம் துணியை விட்டு எல்லாப் புதியவற்றுக்கும் பரவிவிட்டது. தமிழ் முஸ்லிம் நூல்களில் வரும் ‘முஜத்தித்’, அதாவது மார்க்கத்தைப் புதுப்பிப்பவர், இதே வேரில் பிறந்த சொல்தான்.

ஒரு பெயரடை எப்படி மனிதர்களின் பெயரானது? அதற்கு முழுத் தொடரைப் பார்க்க வேண்டும்: ‘உசூலே ஜதீத்’. உசூல் என்றால் முறை, நெறி. கடை கடையாகப் போய் வாங்கும் ‘வசூல்’ வேறு; அது ‘வந்து சேர்தல்’ என்ற பொருளுள்ள இன்னொரு அரபிச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் ‘உசூல்’ என்பதன் ஒருமை நமக்கு நன்றாகத் தெரிந்ததே. அது ‘அஸ்ல்’, வேர். அசலும் வட்டியும் என்கிறோமே, அந்த அசல். ஆக, உசூலே ஜதீத் என்பது ‘புது முறை’. எதைச் செய்யும் முறை? குழந்தைக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும் முறை. அரசியல், தத்துவம் எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை. இந்தச் சொல்லின் உயிர் ஒரு சிறு பிள்ளையின் வாசிப்புப் பாடத்தில் இருக்கிறது. இதை மறந்துவிட்டு மொழிபெயர்ப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அந்த முறையை ‘ஜதீத்’ என்ற சொல்லையே வைத்து விளக்கலாம். தமிழில் ‘க’ என்ற எழுத்தை ‘க’ என்றே சொல்கிறோம். பெயரும் ஒலியும் ஒன்று. அரபி எழுத்தில் அப்படியில்லை. எழுத்தின் பெயர் ஜீம், ஒலி ‘ஜ்’. பெயர் தால், ஒலி ‘த்’. மத்திய ஆசியாவின் பழைய மக்தபில், அதாவது தொடக்கப் பள்ளியில், பிள்ளை முதலில் பெயர்களையே மனப்பாடம் செய்தது. ஜீம், தால், யே, தால் என்று ஒப்பித்த பிள்ளைக்கு அவை சேர்ந்தால் ‘ஜதீத்’ ஆகும் என்பது எப்படி விளங்கும்? குறில்களுக்கு எழுத்தும் கிடையாது. அவற்றுக்கான குறிகளுக்குத் தனிப் பெயர்கள், தனி மனப்பாடம். அதைத் தாண்டினால் குர்ஆனின் ஏழில் ஒரு பங்கான ‘ஹஃப்த்யக்’, பிறகு பாரசீகக் கவிதைகள். எல்லாம் காதால் கேட்டு வாயால் ஒப்பிப்பது. ஆண்டுக்கணக்கில் படித்த பையன் தான் ஒப்பித்த நூலைத் தவிர வேறொன்றைக் கையில் கொடுத்தால் படிக்க முடியாமல் நிற்பான். ஆசிரியருக்குச் சம்பளமும் இல்லை. வியாழக்கிழமைதோறும் வீட்டிலிருந்து ரொட்டியோ காசோ வரும். அதற்குப் ‘பய்ஷன்பலிக்’ என்று பெயர். வியாழக் காணிக்கை என்று சொல்லலாம்.

பழைய மக்தபை வெறுமனே இகழ்ந்துவிடவும் மனம் வரவில்லை. பெரியோர் முன் அடக்கமாக உட்காரவும், மார்க்கக் கடமைகளையும், நல்ல கவிதையின் ஓசையையும் அது கற்றுக்கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்குவது அதன் முதல் நோக்கமாக இருந்ததே இல்லை. உலகம் மாறி, எழுத்தறிவு இல்லாத சமூகம் பிழைக்காது என்ற நிலை வந்தபோதுதான் அந்த வேலை போதவில்லை.

கிரிமியத் தாத்தாரான இஸ்மாயில் காஸ்பிரலி இதற்கு மாற்றுக் கண்டார். 1883இல் ‘தெர்ஜுமான்’ என்ற வார இதழைத் தொடங்கியவர், அடுத்த ஆண்டு பாக்சிசராய் நகரில் ஒரு சிறு பள்ளியில் எழுத்துகளை ஒலிகளாகச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஜீம் என்று ஒப்பிக்காமல் ‘ஜ்’ என்றே சொல்லிப் பழகிய பிள்ளைகள் சில மாதங்களில் படிக்கத் தொடங்கினார்கள். உசூலே ஜதீத் என்ற பெயர் அந்தப் பள்ளியோடுதான் ஊர் ஊராகப் போனது. அதோடு பெஞ்சு, கரும்பலகை, நிலப்படம், வகுப்புப் பிரிவு, தேர்வு எல்லாம் போயின. எதிர்த்தவர்கள் பழைய முறையைக் காத்தவர்கள். அதனால் அவர்களுக்குக் ‘கதீம்’, பழைய, என்ற சொல்லிலிருந்து ‘கதீம்ச்சி’ என்று பெயர் வந்தது.

இந்தச் ‘ச்சி’ விகுதியில் கொஞ்சம் நிற்க வேண்டும். துருக்கிய மொழிகளில் ஒரு தொழிலையோ கொள்கையையோ உடையவரைக் குறிப்பது அது. பாரசீகம், உருது வழியாக நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இன்றும் ‘மசால்ஜி’ என்று ஒரு பணியிடம் இருக்கிறது. மஷ்அல் என்றால் தீப்பந்தம், ஜி என்பது அந்த விகுதி, தீவட்டி பிடிப்பவர். அதே போல ஜதீத் + சி + லிக் = ‘ஜதீத்சிலிக்’, ஜதீத்களின் இயக்கம். ‘லிக்’ என்பது நம் ‘தன்மை’, ‘மை’ போன்ற பண்புப்பெயர் விகுதி. வியாழக் காணிக்கையின் பெயரில் வந்ததும் இதே ‘லிக்’ தான்.

சரி, மனிதர்களுக்கு வருவோம். தாஷ்கந்தில் 1901இல் புதுமுறைப் பள்ளி திறந்தவர் முனவ்வர் காரி. 1907இல் ‘அதீபே அவ்வல்’ என்ற முதல் பாடநூலையும் எழுதினார். அவருடைய தோழர் அப்துல்லா அவ்லோனி இளமையில் கட்டட வேலை செய்தவர். 1913இல் வந்த அவருடைய ஒழுக்க நூலில், பிள்ளை வளர்ப்பு நமக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி என்று எழுதிய வரியை இன்றும் உஸ்பெக் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். சமர்கந்தில் மஹ்மூத்கோஜா பெஹ்பூதி. இவர் ஒரு முஃப்தி, மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி பெற்றவர். ஜதீத்கள் மதத்துக்கு எதிரானவர்கள் என்று எண்ணுபவர்கள் இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1913இல் ‘ஆயினா’, கண்ணாடி, என்ற இதழைத் தொடங்கி, நமக்கு இரண்டு மொழி போதாது, துருக்கி, பாரசீகம், அரபி, ருஷ்யம் என்று நான்கு வேண்டும் என்று எழுதினார்.

பெஹ்பூதியின் ‘பதர்குஷ்’ நாடகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெயரின் பொருள் தந்தையைக் கொன்றவன். பணக்காரர் ஒருவர் மகனைப் பள்ளிக்கு அனுப்ப மறுக்கிறார். ஒரு மௌலவியும் படித்த ஒருவரும் வந்து சொல்லிப் பார்க்கிறார்கள், அவர் கேட்கவில்லை. மகன் கெட்ட கூட்டத்தில் சேர்கிறான். குடிக்கும் கேளிக்கைக்கும் பணம் வேண்டும் என்று அந்தக் கூட்டம் தந்தையையே கொல்கிறது. கதை அவ்வளவுதான், சிறிய நாடகம். 1914 ஜனவரியில் சமர்கந்தில் மேடையேறியது. அடுத்த மாதம் தாஷ்கந்தில், முனவ்வர் காரி உரையாற்ற, அவ்லோனி நடிக்க, மீண்டும் நடந்தது. உஸ்பெக் நாடக மேடையின் வரலாறு அந்த இரவுகளிலிருந்து எண்ணப்படுகிறது. கரும்பலகையில் எழுத முடியாத பெரியவர்களுக்கு மேடையே பள்ளி என்று அவர்கள் நினைத்தார்கள்.

புகாராவில் அமீர் எனப்பட்ட மன்னரின் ஆட்சி. அங்கே புதுமுறைப் பள்ளி நடத்துவதே ஆபத்து. அப்படி ஒரு பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சத்ருத்தீன் அய்னிக்கு 1917இல் 75 கசையடி கிடைத்தது. அவர் பின்னாளில் தாஜிக் உரைநடையின் தந்தையானார், உஸ்பெக்கிலும் எழுதினார். அதே ஊர்க்காரர் அப்துரவூஃப் ஃபித்ரத். இஸ்தான்புல்லில் மாணவராக இருந்தபோது ஃபித்ரத் பாரசீகத்தில் எழுதிய ‘முனாஸரா’, அதாவது வாதம், நடப்பது இந்தியாவில். ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் இந்தியாவில் தங்கும் புகாரா ஆசிரியர் ஒருவரும் ஓர் ஐரோப்பியரும் புதுப் பள்ளிகளைப் பற்றி வாதிடுகிறார்கள். பிற்காலத்தில் ஃபித்ரத் துருக்கிய மொழியில் எழுதிய ‘சின் செவிஷ்’ (உண்மைக் காதல்), ‘ஹிந்த் இக்திலால்சிலாரி’ (இந்தியப் புரட்சியாளர்கள்) என்ற இரண்டு நாடகங்களும் ஆங்கிலேயரை எதிர்த்த இந்தியர்களின் கதை. ருஷ்ய ஆட்சியில் தம் நாட்டின் நிலையைச் சொல்ல ஃபித்ரத்துக்கு இந்தியா ஒரு கண்ணாடியானது. இவ்வளவு உரிமையோடு நம்மைப் பற்றி எழுதியவர் தமிழில் பேர் தெரியாமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

அப்துல்லா காதிரி எழுதிய ‘ஒத்கன் குன்லார்’, கடந்த நாள்கள், முதல் உஸ்பெக் நாவல். கவிஞர் சோல்பானின் இயற்பெயர் அப்துல்ஹமீத். சோல்பான் என்பது புனைபெயர், விடிவெள்ளி என்று பொருள். ஹாம்லெட்டை உஸ்பெக்கில் மொழிபெயர்த்தவர், தாகூரைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்.

இவர்களை வரிசையாக ‘உஸ்பெக்’ என்று எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். உஸ்பெக் சோவியத் குடியரசு உருவானது 1924இல். அதற்கு முன் இவர்களில் பலர் தங்களைத் துர்க்கிஸ்தான் முஸ்லிம்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். ‘ஜதீத்’ என்ற பெயர்கூட அவர்கள் அதிகம் சூட்டிக்கொண்டதில்லை. ‘தரக்கிபர்வர்’, முன்னேற்றத்தைப் பேணுவோர், என்றும் ‘ஸியாலி’ என்றும் சொல்லிக்கொண்டார்கள். ஸியா என்றால் ஒளி. நம் ‘அறிவொளி’யில் இருக்கும் அதே ஒளி.

சோவியத் காலத்தில் இந்தச் சொல் வசையானது. ஜதீத் என்றால் முதலாளி வர்க்கத் தேசியவாதி, மக்கள் விரோதி. பெஹ்பூதியை 1919இலேயே கர்ஷியில் அமீரின் ஆட்கள் கொன்றுவிட்டார்கள். முனவ்வர் காரி 1931இல் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபித்ரத், காதிரி, சோல்பான் மூவரையும் 1938 அக்டோபர் 4 அன்று தாஷ்கந்தில் ஒரே நாளில் சுட்டார்கள். பழைய முறைக்காரரான அமீருக்கும் வேண்டாதவர்கள், புதிய உலகம் படைப்பதாகச் சொன்னவர்களுக்கும் வேண்டாதவர்கள். அவர்களுடைய நூல்கள் பல பதிற்றாண்டுகள் பூட்டிக் கிடந்தன. எழுத்தும் மாறிக்கொண்டே போனது: அரபி எழுத்து போய் 1920களின் இறுதியில் லத்தீன், 1940இல் சிரில்லிக், 1993 சட்டத்துக்குப் பின் மறுபடி லத்தீன். படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களின் புத்தகத்தை அவர்களின் பேரப்பிள்ளைகளால் மூல எழுத்தில் படிக்க முடியாமல் போனது. 1991இல் நாடு விடுதலை பெற்ற பிறகுதான் ‘ஜதீத்’ மரியாதைச் சொல்லாக மீண்டது. 2020இல் பெஹ்பூதி, முனவ்வர் காரி, அவ்லோனி மூவருக்கும் அரசு உயரிய விருது அறிவித்தது.

இனி தமிழ்ச் சொல். ‘சீர்திருத்தவாதி’ என்று பலருக்கும் தோன்றும். தவறில்லை, ஆனால் அது எந்த நாட்டு யாருக்கும் பொருந்தும் தொப்பி. பள்ளிக்கூடம் அதில் தெரியாது. ‘நவீனவாதி’ இலக்கிய வாசகரை வேறு பக்கம் இழுத்துப்போகும். நாவலையே ‘நவீனம்’ என்று சொல்லிவந்த மொழி நம்முடையது, காதிரியைப் பற்றி எழுதும்போது குழப்பம் இன்னும் கூடும். ‘புதியவர்’ என்றால் ஊருக்குப் புதிதாக வந்தவர். ‘மறுமலர்ச்சியாளர்’ பழையது மீண்டும் பூத்ததைச் சொல்கிறது. இவர்கள் கொண்டுவந்ததோ புதுசு.

என் தேர்வு ‘புதுமுறையாளர்’. உசூல் என்பதற்கு முறை, ஜதீத் என்பதற்குப் புது. தொடரின் இரு பாகமும் அப்படியே வருகின்றன. இயக்கத்துக்குப் ‘புதுமுறை இயக்கம்’, பள்ளிக்குப் ‘புதுமுறைப் பள்ளி’. எதிர்த்தரப்பினரைப் ‘பழமைவாதிகள்’ என்று எழுதினால் நாமே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். கதீம்ச்சிக்குப் ‘பழமுறையாளர்’ என்பதே நியாயம்.

‘ஜதீத்’தை முழுக்கத் தள்ளவும் தேவையில்லை. அது வரலாற்றுப் பெயர். கட்டுரையில் முதல் முறை வரும்போது ‘ஜதீத் எனப்பட்ட புதுமுறையாளர்கள்’ என்று எழுதி, பிறகு தமிழ்ச் சொல்லையே ஆளலாம். பன்மைக்கு ‘ஜதீத்கள்’ போதும். ‘ஜதீதிஸ்டுகள்’ என்று ஆங்கில வாலை ஒட்ட வேண்டாம். ‘சமர்கந்தின் முஃப்தி பெஹ்பூதி ஒரு புதுமுறையாளர்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். என்ன புதுமுறை என்று படிப்பவர் கேட்பார். ஜீம், தால், யே, தால் என்று அங்கிருந்து தொடங்கலாம்.