காபிப் பொடியை முதலில் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள்

இந்த வாரமும் ஒரு டப்பா கடைக்குத் திரும்பி வந்தது. "என்ன சார் பொடி குடுத்தீங்க, காபியில ஊறுகாய் வாடை அடிக்குது" என்றார் கொண்டு வந்த அம்மா. திறந்து பார்த்தேன். பொடி டப்பாவின் ஓரங்களில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. உள்ளேயே கிடந்த ஸ்பூனின் முனையில் பால் காய்ந்திருந்தது. முகர்ந்தால் முதலில் எலுமிச்சை ஊறுகாய், அடுத்து புளித்த இட்லி மாவு, எங்கேயோ அடியில் கொஞ்சம் காபி. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. டப்பா இன்னும் சில்லென்று இருந்தது.

முன்பெல்லாம் இப்படி எப்போதாவது ஒன்று வரும். 2024இல் ஏறத் தொடங்கிய கொட்டை விலை 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் உச்சத்தைத் தொட்டது அல்லவா, அப்போதிலிருந்து "நாளைக்கு இன்னும் ஏறிடும், ரெண்டு கிலோவா அரைச்சுக் குடுங்க" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். வியாபாரி நான் வேண்டாம் என்றா சொல்வேன்? சொல்கிறேன். கேட்பதில்லை. இரண்டு கிலோவும் நேராக ஃபிரிட்ஜுக்குப் போகிறது.

"குளிர்ல வெச்சா கெடாது" என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும் சமாதானம். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் இந்தப் பழக்கம் போக மாட்டேன் என்கிறது. குளிரில் எதுவுமே மெதுவாகத்தான் கெடும். காபியும் அப்படித்தான், காற்றே புகாமல் மூடி, திறக்காமலே வைத்திருந்தால். நீங்கள் அப்படியா வைக்கிறீர்கள்? காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, விருந்தாளி வந்தால் இன்னொரு தடவை டப்பாவைத் திறக்கிறீர்கள். சில்லென்ற பொடியின் மேல் சென்னைக் காற்று படுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த தண்ணீர் பாட்டில் வெளியே எப்படி வியர்க்கிறது என்று தினமும் பார்க்கிறீர்களே, அதே ஈரம்தான் பொடியிலும் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வறுத்த கொட்டையில் இருக்கும் ஈரப்பதம் இரண்டு மூன்று சதவீதம்தான். அதனால் கிடைக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். மூடித் திரும்ப உள்ளே வைக்கிறீர்கள். மறுநாள் மறுபடியும் இதே கதை.

அடுத்து வாடை. ஃபிரிட்ஜில் நாற்றம் போக ஒரு கிண்ணத்தில் காபிப் பொடி வைக்கச் சொல்லி வீட்டுக் குறிப்பு எழுதுகிறார்களே, படித்திருப்பீர்கள். நல்ல குறிப்புதான். வறுத்த காபியில் நுண்ணிய துளைகள் ஏராளம், பக்கத்தில் இருக்கும் வாடையை இழுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் நாற்றத்தை இழுக்க வைத்த பொடியைத் தூக்கிப் போடுகிறோம். அதே ஃபிரிட்ஜில் அரைகுறையாக மூடி வைத்த பொடியில் டிகாக்‌ஷன் போடுகிறோம்.

"அப்ப ஃப்ரீசர்ல?" என்று கேட்கும் ஆட்களும் உண்டு. வைக்கலாம், ஒரே ஒரு முறையில். பொடியாக இல்லாமல் கொட்டையாக, ஒரு வாரத்துக்கு ஆகிற சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் காற்றை நன்றாக வெளியேற்றிக் கட்டி வைக்க வேண்டும். எடுத்த பொட்டலம் முழுசாக அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். பிரித்ததைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. இவ்வளவு பொறுமை இருக்கிறவர்கள் வாராவாரம் கடைக்கு வந்துபோவதும் கஷ்டமில்லை.

இங்கேதான் பாட்டி வருவார். "எங்க பாட்டி காலத்துல மூட்டையா வாங்கி வெச்சுப்பாங்களே, கெட்டா போச்சு?" கெடவில்லை, உண்மைதான். அவர்கள் வாங்கி வைத்தது பச்சைக் கொட்டை. பத்துப் பன்னிரண்டு சதவீத ஈரத்தோடு நன்றாகக் காய்ந்த பச்சைக் கொட்டை, ஈரம் படாத இடத்தில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வேண்டியதை மட்டும் எடுத்து, கையால் சுற்றும் இரும்பு உருளையில் வறுத்து, அன்றன்றைக்கு அரைத்துக்கொண்டார்கள். பாட்டியைக் காட்டி இரண்டு கிலோ பொடி கேட்பது நியாயமா? கொட்டை வறுபட்ட நிமிடத்திலிருந்து அதற்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறத் தொடங்கும், கூடவே மணமும். முழுக் கொட்டையாக இருந்தால் நாட்கணக்கில் மெல்லப் போகும். அரைத்துவிட்டாலோ மணத்தில் பெரும்பங்கு வெகு சீக்கிரம் போய்விடும். கடையில் மெஷின் ஓடும்போது தெருவே மணக்கிறதே, அது உங்கள் டம்ளருக்கு வந்திருக்க வேண்டிய மணம்.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? கொட்டையைக் கொஞ்சம் கையில் வாங்கிப் பாருங்கள். எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். ஒரே வகைக் கொட்டை என்றால் அளவும் நிறமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். உடைசல், குண்டூசி குத்திய மாதிரி ஓட்டை போட்ட கொட்டை, தனியாகக் கருகியது எல்லாம் அதிகமாகத் தெரிந்தால் வேண்டாம். அந்த ஓட்டை காய்த்துளைப்பான் வண்டின் வேலை. ஒரு கொட்டையைக் கடித்துப் பாருங்கள். மொறுக்கென்று உடைய வேண்டும், நமுத்திருந்தால் அது பழசு. நடுத்தர வறுவல் கொட்டையில் மேலெல்லாம் எண்ணெய் மினுங்கினாலும் நாள்பட்டதாக இருக்கலாம். கருகக் கருக வறுத்ததில் எண்ணெய் தெரிவது சகஜம். பாக்கெட்டாக வாங்கினால் பேக் செய்த தேதியோடு நிற்காமல் வறுத்த தேதி போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது.

பீபெரி பீபெரி என்று கேட்கிறார்களே, அது தனி ஜாதி ஒன்றுமில்லை. ஒரு பழத்துக்குள் வழக்கமாக இரண்டு பருப்பு இருக்கும், சிலவற்றில் ஒன்றே உருண்டையாக விளையும், அவ்வளவுதான். குறைவாகக் கிடைப்பதால் விலை கூடுதல். ஏற்காட்டுக் கொட்டையோ, தாண்டிக்குடியோ, சிக்மகளூரோ, நல்ல பிளாண்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் ஒரு தரம்) கொட்டையோடு கொஞ்சம் ரோபஸ்டா என்கிற இன்னொரு காபி இனத்தையும் சேர்த்தால் பாலோடு குடிக்கிற நம் காபிக்குத் தாராளமாகப் போதும். ரோபஸ்டா என்றால் மட்டம் என்று முகம் சுளிக்க வேண்டாம், டிகாக்‌ஷன் கெட்டியாக நிற்பதில் அதற்கும் பங்கு உண்டு.

சிக்கரி கலப்பது உங்கள் இஷ்டம், நான் அதில் வாய் கொடுப்பதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும் என்பது விதி. தூளாக வாங்கினால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிக்கரி காபியை விட வேகமாக ஈரத்தை இழுக்கும், அதனால் கலவைப் பொடி இன்னும் சீக்கிரம் கட்டி தட்டும். ஃபிரிட்ஜ் பக்கம் அது போகவே கூடாது.

வைப்பதற்குப் பெரிய சாஸ்திரம் எதுவும் இல்லை. இரண்டு பேர், இரண்டு வேளை காபி என்றால் கால் கிலோப் பொடி ஏறக்குறைய ஒரு வாரம் வரும். அதற்கு மேல் அரைக்காதீர்கள். வாங்கி வந்தது சூடாக இருந்தால் ஆறவிட்டு மூடுங்கள். அந்தச் சூடு அரைத்த மெஷினின் சூடு, புதுசு என்பதற்கு அத்தாட்சி இல்லை. இறுக்கமாக மூடுகிற, பொடியின் அளவுக்கு ஏற்ற எவர்சில்வர் டப்பா போதும். பெரிய டப்பாவில் அடியில் கொஞ்சம் பொடி கிடந்தால் மீதி முழுக்கக் காற்றுதான். அலமாரிக்கு அழகாக இருக்கிறது என்று கண்ணாடி ஜாடியில் போட்டு வெளிச்சத்தில் வைக்காதீர்கள். அடுப்புக்கு மேலே உள்ள தட்டு வேண்டாம், ஃபிரிட்ஜின் தலைமேலும் வேண்டாம், அங்கே எப்போதும் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். ஸ்பூனை டப்பாவுக்குள் குடிவைக்காதீர்கள். ஈர ஸ்பூனைப் போடும் கையை யாராவது தட்டிவிடுங்கள், குழந்தையாக இருந்தாலும் சரி, மாமனாராக இருந்தாலும் சரி.

வசதி இருந்தால் கொட்டையாக வாங்கி வீட்டில் அரைப்பது உத்தமம். மூன்று நான்கு வாரம் தாங்கும். மிக்ஸியில் என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒரே மூச்சில் ஓட்டினால் பொடி சூடாகும், பாதி மாவாகிவிடும், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். தயவுசெய்து மிளகாய்த்தூள் அரைக்கிற ஜாரில் வேண்டாம். கழுவிட்டேன் என்பீர்கள். கழுவினாலும் போகாது.

பொடி சரியாக இருக்கிறதா என்று தெரிய என்னிடம் தூக்கி வர வேண்டாம். ஃபில்டரில் கொதிநீர் ஊற்றும்போது பாருங்கள். புதுப் பொடி குமிழி விட்டு மேலே பொங்கும். பழசு ஈர மணலாட்டம் அப்படியே படுத்துக் கிடக்கும். அப்படிக் கிடந்தால் குடித்து ஒன்றும் ஆகிவிடாது, ருசி இருக்காது, அவ்வளவே. பூசணம் தெரிந்தாலோ காறல் வாடை அடித்தாலோ மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பொடி பொங்குகிறது, வாடையும் சரியாக இருக்கிறது, ஆனாலும் டிகாக்‌ஷன் சொட்டு சொட்டாக இறங்கிக் கசக்கிறது என்றால், மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். துளைகளில் பாதி பழைய பொடியும் எண்ணெயுமாக அடைத்திருக்கும். அடிப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் அடுப்பில் காட்டி, ஆறியதும் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி ஒரு டிகாக்‌ஷன் போட்டுப் பாருங்கள். அதற்கப்புறமும் சரியாகவில்லை என்றால் டப்பாவோடு வாருங்கள், மாற்றித் தருகிறேன்.